துன்ப வேளையில் இறைவனை வேண்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய், கடன், பிரிவு, இழப்பு, அச்சம் ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் நெருக்கப்பட்டு, இறைவனிடம் போவதா வேண்டாமா, போனால் எப்படிப் பேசுவது என்று தயங்கி நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. சைவம், வைணவம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய நெறிகளின் நூல்களிலிருந்து சான்றுகளை எடுத்திருக்கிறேன். அவற்றின் கொள்கைகளெல்லாம் ஒன்றே என்று நிறுவுவது என் நோக்கமன்று. துன்பப்படுகிறவர்கள் எழுப்பும் கேள்விகள் எந்நெறியிலும் ஏறத்தாழ இவையாகவே இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. இப்போது உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

நல்ல காலத்தில் நினைக்காமல் இருந்துவிட்டு, துன்பம் வந்ததும் இறைவனைக் கூப்பிடுவது தன்னலம் ஆகாதா?

மிகப் பலரை வாய் திறக்க விடாமல் தடுப்பது இந்தக் கூச்சம்தான். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் (7:16) இறைவனை நாடி வருபவர்களை நான்கு வகையினராகச் சொல்கிறது: துன்பத்தில் தவிப்பவர், அறிய விரும்புபவர், பொருள் வேண்டுபவர், ஞானி. இவர்களில் ஞானி தனக்கு மிக நெருக்கமானவன் என்று கண்ணன் சொல்வது உண்மையே. ஆனாலும் அடுத்த இரண்டு பாடல்களுக்குள்ளேயே, இவர்கள் அனைவருமே உயர்ந்தவர்கள் என்றும் சொல்லிவிடுகிறான். துன்பத்தில் தவிப்பவர் அந்தப் பட்டியலில் முதலில் நிற்கிறார். அவரைத் தகுதியற்றவர் என்று யாரும் வெளியே நிறுத்தவில்லை.

திருநாவுக்கரசரின் வரலாற்றையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மருள்நீக்கியார் என்ற இயற்பெயருடைய அவர் சமண சமயத்தைத் தழுவி, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்திருந்தார். சூலைநோய் குடலைப் புரட்டிய பிறகே தமக்கை திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவரைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது தாங்க முடியாத வயிற்றுவலி. அங்கே அவர் பாடிய முதல் பதிகத்தில், நோய் தம்மைப் படுத்தும் பாட்டை எந்த அலங்காரமும் இல்லாமல் எடுத்துரைத்து, அதைத் தீர்த்தருளும்படி நேராகவே கேட்கிறார். வலியால் வந்தவர் என்பதற்காக அவர் திருப்பி அனுப்பப்படவில்லை; அவருடைய தேவாரப் பதிகங்களெல்லாம் அந்த வருகைக்குப் பிறகுதான் பிறந்தன.

துன்பத்தில் கூப்பிடுவதில் தன்னலம் கலந்திருக்கலாம். அதை மறைக்காமல், "இத்தனை நாளும் உம்மை நினைக்கவில்லை, இப்போது வேறு வழியின்றி வந்திருக்கிறேன்" என்றே தொடங்குங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லும் அந்த ஒரு வாக்கியமே நல்ல தொடக்கம்.

இறைவன் எல்லாம் அறிந்தவர் என்றால், நாம் ஏன் கேட்க வேண்டும்?

மாணிக்கவாசகர் இந்தக் கேள்வியின் இரு பக்கங்களையும் ஒரே மூச்சில் வைத்துவிட்டார். "வேண்டத்தக்கது அறிவோய் நீ, வேண்ட முழுதும் தருவோய் நீ" என்பது திருவாசகம். எது வேண்டத்தக்கது என்று நீ அறிவாய் என்று சொன்னவர் அதோடு நிறுத்தாமல், வேண்டும்போது முழுதும் தருபவன் நீ என்றும் சேர்த்தே சொல்கிறார். இறைவன் அறிவான் என்ற எண்ணம் அவருடைய வாயை அடைக்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலும் இதே அமைப்பைக் காணலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்குத் தேவையானது இன்னதென்று உங்கள் பிதா அறிந்திருக்கிறார் என்று சொன்ன இயேசு, அடுத்த வசனத்திலேயே எப்படிக் கேட்பது என்று கற்றுத்தருகிறார். அன்றாட உணவைக் கேட்பதும் அதில் இருக்கிறது. ஆகவே நம் வேண்டுதல் இறைவனுக்குத் தகவல் தெரிவிப்பதற்காக ஏற்பட்டதன்று. நமக்குள்ளேயே நாம் மூடிவைத்திருக்கும் ஒன்றை அவர் முன்னிலையில் திறந்து வைக்கிறோம். திறந்து வைத்த பிறகு அந்தச் சுமையோடு நாம் தனித்து இருப்பதில்லை.

பிரார்த்திக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. என்ன செய்வது?

வராவிட்டால் விட்டுவிடுங்கள். மகப்பேறின்றித் துயருற்ற அன்னாளைப் பற்றி விவிலியத்தின் முதலாம் சாமுவேல் நூல் விவரிக்கும்போது, அவளுடைய உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை என்கிறது. அருகில் இருந்த ஆசாரியனான ஏலி அவள் குடித்திருப்பதாகவே நினைத்துக் கடிந்துகொண்டான். ஆலயத்தில் பணி செய்தவனுக்கே பிரார்த்தனையாகத் தெரியாத ஒன்று, இறைவனிடம் பிரார்த்தனையாகப் போய்ச் சேர்ந்தது.

கடலில் மூழ்கத் தொடங்கிய இயேசுவின் சீடர் பேதுரு சொன்னது "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்பது மட்டுமே. மூழ்குகிறவனுக்கு அதற்கு மேல் நேரமும் இல்லை. குர்ஆனில் இடம்பெறும் ஐயூப் நபியின் வேண்டுதல் (21:83) இன்னும் நுட்பமானது: துன்பம் என்னைத் தீண்டிவிட்டது, நீயோ கருணையாளர்களிலெல்லாம் பெருங்கருணையாளன் என்று சொல்வதோடு அது முடிந்துவிடுகிறது. இன்னது வேண்டும் என்ற கோரிக்கையே அதில் இல்லை. தன் நிலையையும் இறைவனின் இயல்பையும் அருகருகே வைத்துவிட்டு அமைதியாகிறார்.

அதுவும் முடியாத நாட்களில், முன்னோர் பாடிவைத்த பாடல்களையோ மனப்பாடமான மந்திரத்தையோ திருவசனத்தையோ சொல்லுங்கள். சொந்தச் சொல் இல்லாதவன் பிறர் சொல்லைக் கடன் வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. அந்தச் சொற்கள் இத்தகைய நேரங்களுக்காகவே காத்து வைக்கப்பட்டவை. கண்ணீர் மட்டும் வந்தால் அதுவும் போதும்.

இறைவன்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது. அதைச் சொல்வது பாவமா?

சொல்லலாம். சொல்லவும் வேண்டும் என்பதே என் கருத்து. கோபத்தை உள்ளே அடக்கிக்கொண்டு மேலுக்குத் துதி பாடுகிறவர், இறைவனோடு பேசுவதாக எண்ணிக்கொண்டு உண்மையில் அவரைத் தவிர்த்துக்கொண்டிருக்கிறார்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் தம் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறி ஊரைவிட்டு நீங்கியதால் இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தார். ஒரு கண்ணில் பார்வை திரும்பிய நிலையில் திருவாரூருக்கு வந்து அவர் பாடிய பதிகம் நம் கேள்விக்கு நேரான விடை. உமக்கே மீளா அடிமையாகி, பிறர் எவரையும் வேண்டாமல், மூளாத தீயைப்போல் உள்ளே கனன்று, முகம் வாடித் தங்கள் துயரைச் சொல்லும் அடியார்களைப் பார்த்துக்கொண்டு நீர் சும்மா இருப்பீரானால், "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நீங்களே நன்றாக வாழுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லும் சொல் அது. தவறு தம்முடையது என்பதை அறிந்திருந்தும் அவர் இப்படிப் பேசினார். அந்தப் பதிகத்தைத் திருமுறையில் சேர்த்தவர்கள் அதைத் தணித்து எழுதவில்லை. இன்றும் அது அப்படியே ஓதப்படுகிறது.

விவிலியத்தின் சங்கீதங்களிலும் இத்தகைய குரல்கள் ஏராளம். பதின்மூன்றாம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற கேள்வியை நான்கு முறை எழுப்புகிறது. ஆயினும் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. எண்பத்தெட்டாம் சங்கீதமோ அப்படித் திரும்பவே இல்லை. நண்பர்களும் விலகிப்போன இருளில் தொடங்கிய இடத்திலேயே அது முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரியை யாரும் அதன் கடைசியில் ஒட்டவில்லை என்பதை நான் பெரிய அருளாகவே கருதுகிறேன். ஏனெனில் ஆறுதல் கிடைக்காத இரவுகளில் இருப்பவரும் ஓதுவதற்கு வேதத்தில் ஒரு பாடல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் தங்கள் கோபத்தை இறைவனிடமே கொண்டுபோனார்கள். அவரைப் பற்றிப் பிறரிடம் கசந்து பேசிவிட்டு அவரிடம் மட்டும் பேசாமல் இருக்கும் நிலைதான் நீண்ட நாட்களுக்கு நம்மை வறளச் செய்வது.

செய்த தவறுக்கான பலனைத்தான் அனுபவிக்கிறேன். நான் எந்த முகத்தோடு வேண்டுவது?

மேலே சொன்ன சுந்தரரும் தம் தவறால் வந்த துன்பத்தில் இருந்தே வேண்டினார். மீனின் வயிற்றில் இருந்து வேண்டிய யூனுஸ் நபியின் சொற்களைக் குர்ஆன் (21:87) தருகிறது: உன்னையன்றி வணக்கத்திற்குரியவன் இல்லை, நீ தூயவன், நான் அநீதி இழைத்தவர்களில் ஒருவனாகிவிட்டேன். தவற்றை ஒப்புக்கொள்வதும் உதவிக்கு அழைப்பதும் அங்கே ஒரே வேண்டுதலாக இருக்கின்றன. முதலில் தூய்மையாகிவிட்டுப் பிறகு வருகிறேன் என்று காத்திருப்பவர் வருவதேயில்லை. உங்களால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தால், அவரிடம் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்வதும் இந்த வேண்டுதலின் பகுதியே.

பணம், வேலை போன்ற உலகப் பொருள்களைக் கேட்கலாமா?

கேட்கலாம். உணவைக் கேட்கக் கற்றுத்தந்த மரபில் வாடகையைக் கேட்பது இழிவாகாது. பிறருக்குக் கேடு வருவதைக் கேட்காதீர்கள். மற்ற எதையும் கேட்டுவிட்டு, எது நன்மை என்ற முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.

"இதைத் தந்தால் அதைச் செய்கிறேன்" என்று நேர்ந்துகொள்வது சரியா?

நேர்ச்சை பழைமையான வழக்கம். அன்னாளும் நேர்ந்துகொண்டாள், சொன்னபடியே செய்தாள். ஆனால் அதே விவிலியத்தில், நியாயாதிபதிகள் நூலின் பதினோராம் அதிகாரத்தில் யெப்தா என்பவனும் இருக்கிறான். போரில் வென்று திரும்பும்போது தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக நேர்ந்தான்; எதிர்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். பதற்றத்தில் வாயிலிருந்து விழும் வாக்கு எவ்வளவு கொடியதாக முடியக்கூடும் என்பதற்கு அதைவிடக் கடுமையான சான்றை நான் அறியேன். நேர்ந்துவிட்டுச் செலுத்தாமல் இருப்பதைவிட நேராமலிருப்பதே நலம் என்று பிரசங்கி நூல் (5:5) எச்சரிக்கிறது.

என் ஆலோசனை இதுதான். கலங்கியிருக்கும்போது புதிய வாக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று மனம் தவித்தால், பிறர் எவருக்கும் சுமையாகாத, உங்களால் நிச்சயமாகச் செய்ய முடிந்த ஒன்றையே சொல்லுங்கள். உங்கள் பிள்ளையின் உடலையும் எதிர்காலத்தையும், குடும்பத்தின் சேமிப்பையும் உங்கள் நேர்ச்சையில் வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

பிரார்த்திக்கும்போது மருத்துவமும் முயற்சியும் தேவையா? அது நம்பிக்கைக் குறைவு ஆகாதா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே விட்டு நம்புவதா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதி என்னும் நபிமொழித் தொகுப்பில் உள்ளது. கத்தோலிக்க விவிலியத்தில் இடம்பெறும் சீராக்கின் ஞானம் என்னும் நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரம், நோயுற்றால் ஆண்டவரிடம் மன்றாடு என்று சொல்லிவிட்டு, மருத்துவருக்கும் இடம் கொடு, அவரும் உனக்குத் தேவை என்கிறது. நோயைக் கண்டறிந்து குணப்படுத்தும் ஆற்றலுக்காக மருத்துவர்களும் வேண்டுவார்கள் என்று அது சொல்லும் இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

ஆகவே, மருந்தை நிறுத்தினால்தான் வேண்டுதல் பலிக்கும் என்று யாராவது சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். இவ்வளவு பணம் செலுத்தினால் இன்ன பலன் என்று பிரார்த்தனைக்கு விலை சொல்பவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். துன்பத்தில் இருப்பவரின் அச்சத்தைக் கொண்டு பிழைப்பவர்கள் எல்லாச் சமயப் போர்வைகளிலும் இருக்கிறார்கள்.

வாழவே வேண்டாம் என்று தோன்றும்போதும் வேண்டலாமா?

வேண்டலாம், ஆனால் அதைத் தனியே செய்யாதீர்கள். தீர்க்கதரிசியான எலியா வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் அமர்ந்து, "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டியதாக முதலாம் இராஜாக்கள் நூல் (19-ஆம் அதிகாரம்) சொல்கிறது. அவருக்குக் கண்டனம் வரவில்லை. உறக்கம் வந்தது. தூதர் ஒருவர் தட்டி எழுப்பி உணவும் நீரும் கொடுத்தார். மீண்டும் உறங்கவிட்டு மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். இறைவனின் குரலை அவர் கேட்டது அதற்கெல்லாம் வெகு பிறகு.

இந்த எண்ணம் உங்களுக்கு இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே நம்பிக்கையான ஒருவரை அழைத்து, இருப்பதை அப்படியே சொல்லுங்கள். இன்று இரவு அவரை உங்களோடு இருக்கச் சொல்லுங்கள். மருத்துவரையோ மனநல உதவி எண்ணையோ அவசர உதவியையோ நாடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எவ்வளவோ வேண்டியும் கேட்டது கிடைக்கவில்லை. என் நம்பிக்கைதான் போதவில்லையா?

இல்லை. அப்படி உங்களிடம் யாரேனும் சொல்லியிருந்தால், அவர் விவிலியத்தில் வரும் யோபுவின் நண்பர்கள் செய்த பிழையைச் செய்திருக்கிறார். பிள்ளைகளையும் உடைமையையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் அருகே அந்த நண்பர்கள் முதலில் ஏழு நாட்கள் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பிறகு வாய் திறந்து, உன்னிடம் ஏதோ குற்றம் இருக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள். நூலின் முடிவில் இறைவன் கடிந்துகொள்வது அந்த நண்பர்களை; தன்னோடு வழக்காடிய யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார்.

நம்பிக்கையில் குறைவில்லாதவர்களுக்கும் கேட்டது மறுக்கப்பட்டிருக்கிறது. தம் உடலில் தைத்த முள் என்று தாம் குறிப்பிட்ட வேதனையை நீக்கும்படி இயேசுவின் திருத்தூதரான பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலே வந்தது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, கூடுமானால் இந்தப் பாத்திரம் (வரவிருந்த துன்பம்) என்னைவிட்டு நீங்கட்டும் என்று முகங்குப்புற விழுந்து வேண்டினார், பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கே கிடைக்காத ஒன்று கிடைக்காததற்காக ஒரு கிறித்தவர் தம் நம்பிக்கையைப் பழித்துக்கொள்ள வேண்டியதில்லை.

குலசேகர ஆழ்வார் வேறொரு கோணத்தில் பேசுகிறார். வாளால் அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் மாளாத அன்பு வைக்கும் நோயாளியைப்போல, நீ எவ்வளவு துயர் தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்கிறார். இதைத் துன்பப்படுகிறவர் தாமே சொல்லலாம். அருகிலிருப்பவர் அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்வது, ஆழ்வாரின் சொல்லைத் திருடிக் கல்லாக எறிவதாகும்.

ஏன் மறுக்கப்பட்டது என்பதற்கு விடை எனக்குத் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். கிடைக்காமல் போனதைப் பற்றியும் இறைவனிடமே தொடர்ந்து பேசலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வேண்டியது நடக்கவில்லை என்றதும் உரையாடல் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். பவுல் அதன் பிறகும் வேண்டுவதை நிறுத்தவில்லை. ஒரு குறிப்பிட்ட கோரிக்கையை மட்டுமே அதோடு விட்டுவிட்டார்.

ஒரே வேண்டுதலை எத்தனை முறை சொல்வது?

எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. மனத்தில் அந்தத் தவிப்பு இருக்கும்வரை சொல்லுங்கள். ஓயாமல் வந்து முறையிட்ட விதவையின் உவமை, சலிக்காமல் வேண்டுவதற்காகவே சொல்லப்பட்டதென லூக்கா நற்செய்தி குறிப்பிடுகிறது. சொல்லிச் சொல்லி அச்சம் கூடுவதாகத் தோன்றினால் சற்று நிறுத்திவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள். "தன் கடன் அடியேனையும் தாங்குதல், என் கடன் பணி செய்து கிடப்பதே" என்ற அப்பர் (திருநாவுக்கரசர்) வாக்கு அத்தகைய நேரத்தில் நெஞ்சைப் பிடித்து நிறுத்தும்.

இறைவன் இருக்கிறாரா என்றே ஐயமாக இருக்கிறது. நான் வேண்டலாமா?

வலிப்பு நோயால் துன்புற்ற மகனைக் கொண்டுவந்த தந்தை ஒருவர் இயேசுவிடம், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறியதாக மாற்கு நற்செய்தி (9:24) கூறுகிறது. நம்பிக்கையும் ஐயமும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. மகன் குணமானான். ஐயத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "நீர் இருப்பீரானால், எனக்குச் செவிகொடும்" என்பதும் நேர்மையான வேண்டுதலே.

துன்பத்தில் இருக்கும் இன்னொருவருக்காக எப்படி வேண்டுவது?

அவருடைய பெயரைச் சொல்லி, அவருக்கு வேண்டியதைக் கேளுங்கள். முடிந்தால் அவரிடமே, எதற்காக வேண்டட்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாம் நினைப்பதும் அவர் ஏங்குவதும் வேறாக இருக்கலாம். நடக்க இயலாத ஒருவரை நான்கு பேர் சுமந்துவந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைத் திறந்து இயேசுவின் முன் இறக்கினார்கள். அவர் அந்தச் சுமந்தவர்களின் விசுவாசத்தைக் கண்டார் என்கிறது மாற்கு நற்செய்தி. வேண்ட முடியாதபடி சோர்ந்துபோனவருக்காக மற்றவர்கள் வேண்டலாம் என்பதற்கு அது போதிய ஆதாரம்.

அதோடு, உணவில்லாதவனைப் பார்த்துப் பசியாறிப் போ என்று வாயால் மட்டும் வாழ்த்துவதில் பயன் என்ன என்று யாக்கோபின் நிருபம் கேட்கிறது. "உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன்" என்று சொன்னவர், மருத்துவமனையில் ஓர் இரவு துணைக்கு இருக்கவும் முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்தரங்கமாகச் சொல்லப்பட்டதைப் பிரார்த்தனைக் குறிப்பு என்ற பெயரில் பலரிடம் பரப்புவதையும் தவிர்க்க வேண்டும்.

துன்பம் தீர்ந்த பிறகு மறந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.

அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. துன்பம் தீண்டும்போது மனிதன் படுத்தும் அமர்ந்தும் நின்றும் நம்மை அழைக்கிறான், அதை நீக்கியதும் அழைக்காதவனைப்போலவே நடந்து போய்விடுகிறான் என்று குர்ஆன் (10:12) சொல்கிறது. நலம்பெற்ற பத்துத் தொழுநோயாளிகளில் திரும்பிவந்து நன்றி சொன்னவர் ஒருவர் மட்டுமே என்பது லூக்காவின் பதிவு. ஆயினும் மற்ற ஒன்பது பேருக்கும் வந்த நலம் திரும்ப எடுக்கப்பட்டதாக அங்கே எழுதப்படவில்லை.

மறந்துபோவதைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. இப்போது வேண்டிக்கொண்டிருப்பதை நாளும் குறித்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த நாட்களில் உங்களுக்குத் துணை நின்றவர்களின் பெயர்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நிலைமை சீரானதும், முதலில் இறைவனுக்கும் பிறகு அந்தப் பெயர்களுக்கு உரியவர்களுக்கும், இன்னது செய்தீர்கள் என்று குறிப்பிட்டே நன்றி சொல்லுங்கள்.